விஷம் வேண்டும், இருளர் வேண்டாமா?

மாசி மகப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரை மணலில் ஆயிரக்கணக்கான இருளர்கள் கூடுகிறார்கள். குடும்பம் குடும்பமாக வந்து, பழம் புடவைகளைக் கட்டிக் குடில் போட்டு, கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணமும் அங்கேயே முடித்து ஊர் திரும்புகிறார்கள். மறுநாள் பெரிய பத்திரிகைகளில் படம் வருகிறது. பழமை மாறாத மக்களாம், அதிசயமாம்! மணலை விட்டு எழுந்து போனால் இவர்களுக்குக் குடியிருக்க மனை உண்டா? பட்டா உண்டா? கைக்கு என்ன கூலி வருகிறது? அதை எழுத மட்டும் அந்தப் பத்திரிகைகளில் இடம் கிடைப்பது அபூர்வம்.

"இருளர் சங்கதி நமக்கெதற்கு, தோழர்? நம் போனஸைப் பேசுங்கள்" என்றார் ஒரு மில் தோழர். அவருக்கே பதில் சொல்கிறேன்.

யார் சாகிறார்கள்?

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரி 58,000 உயிர்! பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள். இரவில் மடை திருப்பப் போனவன், நாற்றங்காலில் குனிந்தவள், தரையில் பாய் விரித்துப் படுத்த குழந்தை. மாடி பங்களாவில் கட்டில் போட்டுத் தூங்குபவனைக் கட்டுவிரியன் தேடிப் போவதில்லை.

கடிபட்டவரைக் காப்பாற்றும் மருந்து விஷமுறிவு ஊசி. பாம்பின் விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து இந்த மருந்தை எடுக்கிறார்கள். அந்த விஷம் எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு நம் வடநெம்மேலியிலிருந்து! 1978-ல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் பிடிக்கிறார்கள். மண்பானையில் சில வாரம் வைத்து, விஷத்தை எடுத்துவிட்டு, மறுபடி காட்டில் விடுகிறார்கள். மில் தோழரே, உங்கள் தம்பி வயலில் கடிபட்டால் அவனைப் பிழைக்க வைப்பது இருளன் கை. இந்தச் சங்கதி நமக்குத்தான்!

எது விஞ்ஞானம்?

மணலில் கிடக்கும் தடம், உரித்துப் போட்ட சட்டை, வளை வாயில் தேய்ந்த மண். இவற்றைப் பார்த்தே என்ன பாம்பு, உள்ளே இருக்கிறதா என்று சொல்கிறார்கள் இருளர்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள நிபுணர்கள் திணறினார்கள். 2017-ல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கே அழைக்கப்பட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள் பிடிபட்டன. அதில் ஒன்று 16 அடி! 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது. மகிழ்கிறோம். ஆனால் இதே மக்களைத்தான் சர்க்கார் ஏடுகள் ஆதிகாலத்து நிலையில் உள்ளவர்கள் என்று பல காலம் எழுதி வந்தன. விருது இருவருக்கு; வறுமை இனம் முழுவதற்குமா?

கேட்காமல் எடுத்த முடிவு

பாம்புத் தோல் வியாபாரம் நடந்த காலத்தில் பாம்பைப் பிடித்தவன் இருளன். பணம் சேர்த்தவன் ஏற்றுமதி முதலாளி. 1972-ல் வனவிலங்குச் சட்டமும், 1976-ல் தோல் ஏற்றுமதித் தடையும் வந்தன. பாம்பினத்தைக் காக்கத் தடை வேண்டியதுதான்; மறுக்கவில்லை. முதலாளி வேறு சரக்குக்குப் போனான். இருளன் எங்கே போவான்? அவனை யார் கேட்டார்கள்? இன்றும் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதைச் சர்க்காரும் வனத்துறையுமே முடிவு செய்கின்றன. அனுமதித் தாள் தாமதமானால் இருளன் வீட்டு அடுப்பு எரியாது.

சங்கத்துக்கு வெளியே உள்ளவர் நிலை இன்னும் மோசம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். 2019 ஜூலையில்கூடக் காஞ்சிபுரம், வேலூர் ஜில்லாக்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்த படத்தை நாடே பார்த்தது. சொற்ப முன்பணத்தைக் கொடுத்து அந்த முதுகை வளைத்தவன் முகத்தை எத்தனை பேர் பார்த்தார்கள்?

2021-ல் மாமல்லபுரம் கோயில் அன்னதானத்தில் விரட்டப்பட்ட நரிக்குறவப் பெண் ஒருவர் பேசிய வீடியோ பரவியது. பிறகு முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றும் கொடுத்தார். கொடுத்தது நல்லது. கேமரா போகாத ஊரில் இருளன் என்ன செய்வான்? கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்து நடந்து கால் தேய்வதா? "உன் அப்பனுக்குச் சான்று இருக்கிறதா?" என்று பிள்ளையைக் கேட்கிறார்கள். அப்பனைப் பள்ளிக்கூடமே சேர்க்காத சமுதாயம் கேட்கிற கேள்வியா இது?

தயவு அல்ல, உரிமை

2007-ல் ஐக்கிய நாடுகள் சபை ஆதிவாசி மக்களின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. தங்கள் வாழ்வைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றது. இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. நியூயார்க்கில் உயர்ந்த கை செங்கல்பட்டில் ஏன் இறங்கிவிடுகிறது?

நாம் கேட்பது இவ்வளவுதான். குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா கொடு! வீடு தேடி வந்து சாதிச் சான்று கொடு! கொத்தடிமை வைத்தவனைச் சிறைக்கு அனுப்பு! விஷத்துக்கு நியாய விலை கொடு! பாம்பையும் காட்டையும் பற்றி முடிவெடுக்கும் மேஜையில் இருளருக்கு ஆசனம் கொடு!

மில் தோழர்களே, விவசாயத் தொழிலாளத் தோழர்களே! பட்டா கேட்டு இருளர்கள் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் நாளில் நம் செங்கொடியும் பக்கத்தில் நிற்கட்டும். நம் உயிருக்காக அவர்கள் கை பாம்பு வளைக்குள் துணிந்து நுழைகிறது. அவர்கள் உரிமைக்காக நம் குரல் துணிந்து எழ வேண்டாமா?