சிவப்பு மையும் ஒரு ராக்கெட்டும்



2010 ஏப்ரல் 15. ஜிஎஸ்எல்வி-டி3 ராக்கெட்டின் மேலடுக்கில், நம் நாட்டிலேயே செய்த கிரையோஜெனிக் எஞ்சின் முதன்முறையாகப் பறந்தது. திரவ ஹைட்ரஜனைத் தள்ளும் பூஸ்டர் பம்ப் நடுவழியில் நின்றுபோனது. ஜிசாட்-4 தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் கடலோடு போயிற்று.

இஸ்ரோ காரணத்தைத் தேடியது, வெளியே சொன்னது, மகேந்திரகிரியில் மறுபடி மறுபடி சோதித்தது. 2014 ஜனவரி 5 அன்று உள்நாட்டு கிரையோஜெனிக் எஞ்சின் ஜிசாட்-14-ஐ மேலே கொண்டு சேர்த்தது.

நான் உங்கள் கணக்கு நோட்டில் தப்பு விடையைச் சிவப்பு மையில் சுழித்தேன். "எங்கே தடுமாறினாய்?" என்று கேட்டது வெகு சிலரிடம்தான். அது என் குறை. உங்கள் பிள்ளை குறைந்த மதிப்பெண்ணோடு வரும்போது, திட்டுவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.