பழவேற்காட்டில் டெண்ட் போடப் போறீங்களா? அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

நவம்பர் பிறந்தா என் வாட்ஸ்அப்புக்கு ஒரு கேள்வி தவறாம வரும். "டாக்டர், நீங்க பழவேற்காடு பக்கம்தானே வேலை பாக்குறீங்க? இந்த சனி ஞாயிறு பூநாரை பாக்க வர்றோம். ராத்திரி கரையிலயே டெண்ட். மழை வருமா?"

எனக்குத் தெரியாதுங்க. நான் படிச்சது எம்பிபிஎஸ். ஆனா மழை வந்த பிறகு என்ன நடக்கும்னு கேஷுவாலிட்டியில நின்னு பாத்திருக்கேன். அந்த அனுபவத்துல சொல்றேன்: "மழை வருமா" என்பது தப்பான கேள்வி. "எது நடந்தா இந்த ட்ரிப்பை கேன்சல் பண்ணுவோம்" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதையும் அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி கேக்கணும்.

ஒரு கேஸ் சொல்றேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

விடிகாலை ஐந்தரை மணி. கல்லூரிப் பையன் ஒருத்தனை நாலு நண்பர்கள் தூக்கிட்டு வந்தாங்க. "நைட்டு நண்டு சாப்பிட்டான் சார், ஒத்துக்கல போல. வயிறு வலிக்குதுன்னான், இப்ப கண்ணைத் திறக்க மாட்டேங்குறான்." அவன் திறக்க மாட்டேன்னு சொல்லல. அவனால திறக்க முடியல. இமை ரெண்டும் தொங்குது, பேச்சு குழறுது, எச்சில் முழுங்க முடியல. உடம்புல கடித்தடம்னு சொல்லிக்கிற மாதிரி எதுவும் இல்ல.

கட்டுவிரியன். ராத்திரியில தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பெரும்பாலும் வலியே இருக்காது, எறும்பு கடிச்ச மாதிரிகூடத் தெரியாது. வயிற்று வலி, இமை தொங்குதல், அப்புறம் மூச்சு விடும் தசைகள் செயலிழப்பு. விஷமுறிவு மருந்தை ஆரம்பிச்சு, மூச்சுக்குழாய் போட்டு, வென்டிலேட்டர் இருக்கிற பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். பிழைச்சுட்டான்.

இதுல வானிலை எங்க வந்ததுன்னு கேக்குறீங்களா? நண்பர்கள் சொன்னது இது. ராத்திரி பதினொரு மணிக்கு மழை பிடிச்சிருக்கு. டெண்டுக்குள்ள தண்ணி. உடனே டெண்டைப் பிடுங்கி, கொஞ்சம் மேடான, சவுக்கு மரங்களும் புதரும் இருக்கிற இடத்துக்கு மாத்தியிருக்காங்க. ஜிப் அறுந்து போச்சு, அப்படியே படுத்துட்டாங்க. மழைத் தண்ணி வளையில புகுந்தா பாம்பும் அதே மேட்டைத்தான் தேடும்.

"சாயங்காலமே வானம் கறுத்துருச்சே, ஏன்ப்பா கிளம்பல?"ன்னு கேட்டேன். ஒருத்தன் சொன்னான்: "தலைக்கு ரெண்டாயிரம் கட்டிட்டோம் சார். ரீஃபண்ட் கிடையாதுன்னுட்டாங்க."

அந்தப் பதில்தான் இந்த த்ரெட் எழுதக் காரணம்.

முதல்ல ஒரு விஷயம். பழவேற்காட்டுக்குப் பூநாரை வர்ற சீசனும் வடகிழக்குப் பருவமழையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வருது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம்ம கரைக்குப் புயல் மாதங்கள். சரி, ஏப்ரல் மே-ல போகலாம்னா நிழலே இல்லாத மணல்ல வெயில் கொல்லும். அதனால "சரியான தேதி"ன்னு ஒண்ணைத் தேடிக் கண்டுபிடிச்சுட முடியாது. ஜனவரி கடைசி, பிப்ரவரி ஓரளவுக்குப் பரவாயில்ல. அதுக்கும் கேரண்டி இல்ல.

"அதான் ஆப் இருக்கே"ன்னு சொல்வீங்க. இருக்கு, பாக்கணும். ஆனா அது என்ன சொல்லுதுன்னு புரிஞ்சு பாக்கணும். மஞ்சள், ஆரஞ்சு எச்சரிக்கை எல்லாம் மாவட்டத்துக்குத்தான் கொடுக்குறாங்க. திருவள்ளூர் மாவட்டம் திருத்தணி மலையிலிருந்து பழவேற்காடு கடல் வரைக்கும். மழை எந்த மூலையில கொட்டும்னு அந்த நிறம் சொல்லாது. கனமழைன்னா 24 மணி நேரத்துல 6.45 சென்டிமீட்டருக்கு மேல். அது நாள் முழுக்கத் தூறலாவும் பெய்யலாம், நடுராத்திரி ஒரு மணி நேரத்துல மொத்தமாவும் கொட்டலாம். வீட்டுல இருக்கிறவருக்கு ரெண்டும் ஒண்ணுதான். டெண்ட்ல இருக்கிறவருக்கு இல்ல.

2021 டிசம்பர் 30 ஞாபகம் இருக்கா? சென்னையில முன்னறிவிப்பே இல்லாம மதியத்துல ஆரம்பிச்ச மழை நகரத்தையே நிறுத்திடுச்சு. 2024 நவம்பர்ல ஃபெஞ்சல்: புயலா மாறும்னாங்க, அப்புறம் 28-ம் தேதி மாறாதுன்னாங்க, 29-ம் தேதி மாறிடுச்சு, 30-ம் தேதி ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து அங்கேயே நின்னு கொட்டுச்சு. வானிலை மையத்தைத் திட்ட இதைச் சொல்லல. நல்ல டாக்டரே ஒரு காய்ச்சலை முதல் நாள்ல டெங்குன்னு உறுதியாச் சொல்ல முடியாது. அதுக்காக, "ரெண்டு நாள் கழிச்சு வாங்க, தட்டணு பாப்போம்"னு நாங்க சொல்றதை யாரும் தப்புன்னு சொல்றதில்ல. முன்னறிவிப்பையும் அப்படித்தான் எடுத்துக்கணும். மூணு நாள் முன்னாடி ஒரு தடவை, கிளம்புற காலையில ஒரு தடவை, சாயங்காலம் ரேடார் படம் ஒரு தடவை.

அடுத்து, "மீனவர்களைக் கேட்டா தெரியும்" என்கிற அறிவுரை. பாதி உண்மை. லைட் ஹவுஸ் குப்பத்துல இருந்து ஓபிக்கு வர்ற பெரியவர் ஒருத்தர்கிட்ட, "ஐயா, காத்து பாத்தே சொல்லிடுவீங்களாமே?"ன்னு கேட்டேன். சிரிச்சார். "முன்ன மாதிரி இல்ல சார். இப்ப எங்க பசங்களும் போனைத்தான் பாக்குறாங்க. ஆனா சந்தேகம்னு வந்தா வலையை எடுக்க மாட்டோம்." அதை நான் இப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்: குப்பத்துல படகு கடலுக்குப் போகலைன்னா, நீங்க கரையில படுக்கறதைப் பத்தி யோசிக்கவே வேண்டாம். ஆனா படகு போகுதுங்கிறதுக்காக உங்களுக்குப் பாதுகாப்புன்னு அர்த்தமில்ல. அவருக்கு நீச்சல் தெரியும், முகத்துவாரம் தெரியும், பசிச்ச வீடும் இருக்கு. உங்களுக்கு இருக்கிறது ஒரு லீவு.

படகுன்னதும் இன்னொண்ணு. 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு இதே ஏரிக்குச் சுற்றுலா வந்தவங்களோட படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க. அதுக்குப் பிறகுதான் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. "ஒரு ரவுண்டு போலாம் ப்ரோ"ன்னு யாராவது கூப்பிட்டா, அலை அமைதியா இருந்தாலும் ஏறாதீங்க.

இப்ப பணத்துக்கு வருவோம். ரீஃபண்ட் கொடுக்காத ஏற்பாட்டாளர்கள்மேல எனக்குக் கோபம் உண்டு. ஆனா முழு ரீஃபண்டும் நியாயமில்ல. உங்களுக்காகக் காலையிலேயே இறாலும் நண்டும் வாங்கி வெச்ச குப்பத்து அக்காவுக்கு யார் பதில் சொல்றது? என் யோசனை: சாப்பாட்டுக் காசு சமைக்கிறவங்களுக்கே போகட்டும், டெண்ட் காசு வேற தேதிக்கு மாறட்டும். புக் பண்ணும்போதே இதை எழுத்துல கேளுங்க. ஒத்துக்கலைன்னா அந்த குரூப்போட போகாதீங்க. வானிலை மோசமானா பகல்ல வந்து, சாப்பிட்டு, டச்சுக் கல்லறை பாத்துட்டு இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போங்க. சென்னையிலிருந்து 60 கிலோமீட்டர் சுமார்தான், ஏரி எங்கேயும் போயிடாது.

என் கோடு இது. ஆரஞ்சு வந்தா கேன்சல். படகு போகலைன்னா கேன்சல். மஞ்சள்னா பகல் மட்டும். போன பிறகு இடி காதுல விழுந்தா, டெண்டை விட்டு காருக்குள்ளயோ கான்கிரீட் கட்டடத்துக்குள்ளயோ போயிடணும்; கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் வெளிய வரக் கூடாது. மரமில்லாத மணல்ல உயரமான பொருள் நீங்களும் உங்க டெண்ட் கம்பியும்தான். மின்னல் தாக்கினவரைத் தொட்டா ஷாக் அடிக்காது, தாராளமாத் தொடலாம். மூச்சு இல்லைன்னா 108-க்குச் சொல்லிட்டு, நெஞ்சு நடுவுல நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த ஆரம்பிச்சுடுங்க.

காட்டுப்பள்ளி பக்கச் சாலையில கடல் தண்ணி ஏறி மணல் மூடுறது இங்க வழக்கம். டெண்ட் போடறதுக்கு முன்னாடி, ராத்திரி ரெண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் எந்த வழியா வரும்னு ஊர்க்காரங்ககிட்ட கேட்டு வெச்சுக்கோங்க. ஏரியோட தமிழ்நாட்டுப் பகுதி 1980-லிருந்தே பறவைகள் சரணாலயம். எங்க தங்கலாம்னு வனத்துறைகிட்டயும் கேட்டுடுங்க.

அந்தப் பையன் ரெண்டு மாசம் கழிச்சு அம்மாவோட வந்து பாத்தான். அட்வான்ஸ் திரும்ப வந்துச்சான்னு கேட்டேன். இன்னும் வரலையாம்.