சாண்டோ சின்னப்பா தேவர்: விமரிசனம் ஒதுக்கிய கோவைக்காரர்

தமிழ்த் திரைப்படம் பற்றி எழுதப் புகும் நம் சிற்றிதழாளர்கள் இரு சாராரையே பொருட்படுத்துகிறார்கள். ஒரு சாரார் கலைப்படம் எடுத்தவர்கள்; மற்றொரு சாரார் திரையில் அரசியல் பேசியவர்கள். இவ்விரண்டிலும் அடங்காத சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவரை 'யானை, பாம்பு, முருகன்' என்று மூன்று சொற்களில் முடித்துவிடுகிறார்கள். இத்தீர்ப்பு அவசரமானது என்பதே நம் கருத்து.

தேவர் 1915-இல் கோவை இராமநாதபுரத்தில் பிறந்தவர். பஞ்சாலை வேலை, தேகப்பயிற்சி என்று தொடங்கிய வாழ்க்கை அவருடையது. அன்றைய கோவை ஆலை நகரம் மட்டுமன்று; சென்ட்ரல் ஸ்டூடியோவும் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜாவும் இயங்கிய திரைப்பட நகரமுமாகும். அங்கே சண்டைக்காட்சிகளுக்கு உடற்கட்டுள்ளவர்கள் தேவைப்பட்டனர். எம்.ஜி.ஆர். கதாநாயகனாக உயர்ந்த 'ராஜகுமாரி' (1947) படத்தில் அவருடன் மோதும் பயில்வானாகத் தேவர் நடித்தார். சிறு வேடங்களில் உழன்ற அந்த நடிகர் 1956-இல் 'தாய்க்குப்பின் தாரம்' எடுத்துத் தயாரிப்பாளரானார். இயக்கியவர் அவர் தம்பி எம்.ஏ. திருமுகம்.

1972-இல் வெளிவந்த 'நல்ல நேரம்' வரை தேவரின் பதினாறு படங்களில் எம்.ஜி.ஆர். நடித்தார். ஆனால் தேவரின் வெற்றியை எம்.ஜி.ஆரின் நிழலாக மட்டும் காண்பது பிழை. 1956-க்கும் 1961-க்கும் இடையே எம்.ஜி.ஆர். இல்லாமலேயே 'நீலமலைத் திருடன்', 'யானைப்பாகன்', 'கொங்குநாட்டுத் தங்கம்' முதலான படங்களைத் தந்து நிறுவனத்தை நிலைநிறுத்தியவர் அவர். குறித்த நாளில் தொடங்கிக் குறித்த நாளில் முடிப்பதும், பேசிய ஊதியத்தைத் தாமதமின்றித் தருவதும் அவர் வழக்கம் என்று திரையுலகினர் இன்றும் சொல்வர். ஆலைச் சங்குக்குக் கட்டுப்பட்டு வளர்ந்த ஊரின் ஒழுங்கு இது என்று கருத இடமுண்டு.

விலங்குகளையும் இவ்வண்ணமே காண வேண்டும். பட்டிப் பொங்கலன்று மாட்டுக்கு முதலில் படைத்துவிட்டுத் தாம் உண்ணும் நாடு இது. தேவர் படங்களில் காளையும் பசுவும் ஆடும் வேடிக்கைப் பொருள்களல்ல, குடும்ப உறுப்பினர்கள். இந்த உணர்வு மொழி கடந்தும் செல்லுபடியாயிற்று. 'தெய்வச்செயல்' (1967) படத்தின் கதைக்கரு, 'ஹாத்தி மேரே சாத்தி' (1971) என்று இந்தியில் ராஜேஷ் கன்னாவுடன் பெருவெற்றி கண்டது. அதற்குத் திரைக்கதை எழுதியவர்கள் சலீம் - ஜாவேத். இயக்கியவர் அதே திருமுகம்.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. ஒரே அச்சில் வார்த்த கதைகள்; தாயாகவோ காக்கப்பட வேண்டியவளாகவோ மட்டுமே வரும் பெண்கள்; சிக்கலுக்கு விடையாக அற்புதத்தை வைக்கும் பக்திப் படங்கள். ஆயினும் அப்படங்களில் ஒன்றான 'துணைவன்' (1969), கொடுமுடி தந்த கே.பி. சுந்தராம்பாளுக்குப் பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

தேவர் 1978-இல் மறைந்தார். அவர் நடித்துப் பழகிய கோவை ஸ்டூடியோக்கள் இன்று இல்லை. அங்கே ஒளியமைத்தவர்கள், தச்சு வேலை பார்த்தவர்கள், கும்பலில் நின்றவர்கள் ஆகியோரின் நினைவுகளும் ஒவ்வொன்றாக மறைந்துவருகின்றன. நாட்டார் பாடல்களைத் தேடி ஊர் ஊராகச் சென்ற நம் தமிழ்த்துறைகள், தம் ஊரிலேயே பிறந்த இந்த வெகுசனக் கலையின் வரலாற்றைக் கேட்டுப் பதிவு செய்யத் தயங்குவானேன்? தேவரைப் போற்ற வேண்டும் என்று நாம் கோரவில்லை. ஆராயாமல் ஒதுக்கலாகாது என்றே சொல்கிறோம்.