ஆள் எடுக்க ஒரு படிப்பா?

"ஆள் எடுக்கறதுக்கு ரெண்டு வருஷப் படிப்பா? இதென்ன கூத்து!"

என் ஓரகத்தி, மனிதவள மேலாண்மையில் எம்.பி.ஏ. படிக்கப் போவதாகச் சொன்னபோது எங்கள் மாமியார் இப்படித்தான் கேட்டார். நிஜத்தைச் சொல்லிவிடுகிறேனே, எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பி.காம். முடித்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை. இனிமேல் என்ன படிப்பு?

அவள் கேட்கவில்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டாள். 1985-ல் ஆரம்பித்த இந்தப் பல்கலைக்கழகத்தில் வீட்டிலிருந்தபடியே படிக்கலாம். எம்.பி.ஏ.வுக்குக் குறைந்தது இரண்டு வருஷம். முடியாதவர்கள் நாலு வருஷத்துக்குள் முடிக்கலாம். கைக்குழந்தைக்காரிகளுக்கு இது பெரிய வரம், இல்லையா?

ராத்திரி குழந்தை தூங்கின பிறகு அவள் வாய்விட்டுப் படிப்பாள். நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பேன். பள்ளிப் படிப்போடு நின்ற எனக்கும் பாதி புரிந்தது. ஆள் எடுப்பது அதில் ஒரு பகுதிதான். பயிற்சி கொடுப்பது, சம்பளம் நிர்ணயிப்பது, தொழிற்சங்கத்தோடு பேசித் தீர்ப்பது, தொழிலாளர் சட்டம் என்று எவ்வளவோ இருக்கிறது! 500 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தொழிற்சாலையில் தொழிலாளர் நல அதிகாரி இருக்க வேண்டும் என்று 1948-ம் வருஷத்துச் சட்டம் சொன்னது. அந்த மாதிரி வேலைகள் வளர்ந்து விரிந்ததுதான் இந்தப் படிப்பாம்.

ஒருநாள் எதிர்வீட்டுப் பெண் அழுதுகொண்டே வந்தாள். ஏழாம் மாசம். "ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போ, அப்புறம் பார்க்கலாம்" என்றார்களாம் அவள் கம்பெனியில்.

"கையெழுத்துப் போட்டுடாதே!" என்றாள் என் ஓரகத்தி. "பிரசவத்துக்கு முந்தின ஒரு வருஷத்துல 80 நாள் வேலை பார்த்திருந்தா போதும். சம்பளத்தோட லீவு உண்டு. 1961 சட்டத்துல 12 வாரமா இருந்தது, 2017-ல முதல் ரெண்டு பிரசவத்துக்கு 26 வாரமாச்சு. பிரசவ லீவுல இருக்கறவங்களை வேலையை விட்டு நீக்கவும் கூடாது."

இருவரும் உட்கார்ந்து, ராஜினாமாவுக்குப் பதிலாக லீவு கேட்டு ஒரு கடிதம் எழுதினார்கள். கம்பெனியில் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு லீவு கொடுத்துவிட்டார்கள்.

மாமியார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நீ போய்ப் படி, இவனை நான் தூங்கப் பண்றேன்" என்றாரே பார்க்கலாம்!

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிப் படிக்க ஆசைப்படலாம். எந்தப் பட்டமாக இருந்தாலும் எம்.பி.ஏ. படிக்கலாம், மதிப்பெண் மட்டும் பாதிக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. நேரில் போய்ப் படிக்க முடிந்தவர்களுக்குச் சென்னையில் 1952-ல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கில் இதே பாடத்தில் எம்.ஏ. இருக்கிறது. தபால் வழி என்றால், பணம் கட்டுவதற்கு முன்னால் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் அந்தப் படிப்புக்கு இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு, சகோதரிகளே. ராத்திரி ஒரு மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொள்ள வீட்டில் ஒருத்தி வேண்டும். அந்த ஒருத்தியாக நீங்கள் இருங்களேன்!