இரைச்சலா, இசையா?



இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்ட பழைய மாணவர்களின் பெற்றோரைச் சந்திக்கும்போது அடிக்கடி காதில் விழும் குறை ஒன்று உண்டு. “எந்நேரமும் கறுப்புச் சட்டை, காதில் கூச்சல் பாட்டு. பையன் கெட்டுப் போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது டீச்சர்.” அந்தக் கூச்சலின் பெயர் ஹெவி மெட்டல். பெற்றோரின் கவலையை நான் எள்ளி நகையாடமாட்டேன். ஆயினும் ஒன்றை ஒதுக்குவதற்கு முன் அது எங்கிருந்து வந்தது என்று அறிந்துகொள்வது நல்லது. அதன் பிறப்பு வரலாறு ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு பாடமாகவே அமைந்திருக்கிறது என்பது என் கருத்து.

தொழிற்சாலை நகரின் பிள்ளைகள்

ஹெவி மெட்டல் இசையின் முன்னோடிகள் என்று பலரும் சுட்டுவது ‘பிளாக் சபாத்’ என்னும் குழுவை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், ஆஸ்டன் என்னும் தொழிலாளர் வட்டாரத்தில் 1968இல் நான்கு இளைஞர்கள் சேர்ந்து அமைத்த குழு அது. கித்தாருக்கு டோனி ஐயோமி, பேஸ் கித்தாருக்கு கீசர் பட்லர், டிரம்ஸுக்கு பில் வார்ட், பாடுவதற்கு ஓஸி ஓஸ்போர்ன். இரண்டாம் உலகப் போரின் குண்டுகளால் சிதைந்த தெருக்களும், இரவு பகலாய் இயந்திரங்கள் அதிரும் ஆலைகளும் நிறைந்த ஊரில் வளர்ந்தவர்கள் இவர்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்தால் ஆலை வேலை என்பதே எழுதாத விதியாக இருந்தது.

டோனி ஐயோமியும் ஓர் உலோகத் தகட்டு ஆலையில்தான் வேலை செய்தார். அப்போது அவருக்கு வயது 17. இசைக்குழு ஒன்றுடன் வெளிநாடு செல்ல வாய்ப்பு வந்ததால் வேலையை விட்டுவிட்டார். கடைசி நாளன்று மதிய உணவுக்கு வீட்டுக்கு வந்தவர், மறுபடி ஆலைக்குப் போக மனமின்றி இருந்தார். எடுத்த வேலையை முறையாக முடித்துவிட்டு வரும்படி தாயார் அனுப்பி வைத்ததாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அன்று பிற்பகல் தமக்குப் பழக்கமில்லாத அழுத்து இயந்திரம் ஒன்றில் வேலை செய்தபோது, வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் ஆகிய இரண்டின் நுனிகளும் துண்டிக்கப்பட்டன. அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். ஆகவே கித்தாரின் தந்திகளை அழுத்திச் சுரம் பிடிக்க வேண்டிய கையே அந்த வலக்கைதான். இனிமேல் வாசிக்க இயலாது என்று மருத்துவர்கள் கூறிவிட்டார்கள்.

மனமுடைந்து கிடந்தவரைப் பார்க்க ஆலையின் மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டுடன் வந்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் புகழ்பெற்ற ஜாஸ் கித்தார் கலைஞரின் தட்டு அது. 1928இல் நேர்ந்த தீ விபத்தில் இடக்கை விரல்களில் இரண்டு செயலிழந்த பின்னும் வாசித்துச் சாதித்தவர் அவர். “முயற்சி செய்” என்று வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், இன்னொருவர் செய்து காட்டியதைக் கேட்கக் கொடுத்த அந்த மேற்பார்வையாளரை நான் ஓர் ஆசிரியராகவே கருதுகிறேன்.

தளர்த்திய தந்தி

ஐயோமி நெகிழிப் புட்டியை உருக்கித் தம் விரல்களுக்குத் தொப்பி செய்துகொண்டார். அதன்மேல் பழைய தோல் சட்டையின் துண்டை ஒட்டினார். வழக்கமான தந்திகளை அழுத்தினால் வலித்தது. மெல்லிய கித்தார் தந்திகள் அக்காலத்தில் எளிதில் கிடைக்கவில்லை. அதனால் பாஞ்சோ என்னும் வேறொரு கருவியின் தந்திகளைப் பூட்டிப் பார்த்தார். 1971இல் வெளிவந்த மூன்றாவது இசைத்தொகுப்பான ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில் பல பாடல்களுக்குத் தந்திகளை மூன்று அரைச்சுர அளவு தளர்த்திச் சுருதியைக் கீழிறக்கினார். தந்தி தளர்ந்தது, விரலுக்கு வலி குறைந்தது, கூடவே ஒலி கனத்தது, இருண்டது. இன்று உலகெங்கும் எண்ணற்ற மெட்டல் குழுக்கள் சுருதியைத் தாழ்த்தி வாசிப்பதற்கு இது ஒரு முக்கிய முன்மாதிரி.

அவர் மிகுதியாகக் கையாண்டது ‘பவர் கோர்ட்’ எனப்படும் எளிய முறை. நம் இசை மொழியில் சொன்னால் ச-ப, அதாவது சட்ஜமமும் பஞ்சமமும் சேர்ந்து ஒலிப்பது. தம்பூராவில் நாம் கேட்கும் அதே இணைதான். அதை ஒலிபெருக்கியில் உறுமவிட்டு, சிறு இசைத்தொடர் ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். அந்தத் தொடருக்கு ‘ரிஃப்’ என்று பெயர். மெதுவாக நகரும் பாடல் திடீரென்று வேகம் எடுக்கும். பில் வார்ட் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர் என்பதால் தாளத்தில் ஒரு துள்ளல் இருக்கும். ஓஸியின் குரல் சில பாடல்களில் ரிஃபின் மீதே ஏறிச் செல்லும். அடித்தளமோ அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசை. ஆக, இரைச்சல் போல் கேட்பதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

சாத்தானின் சுரமா?

முதல் தொகுப்பு 1970 பிப்ரவரி 13ஆம் நாள் வெளிவந்தது. அதைப் பதிவு செய்ய அவர்களுக்கு ஒரே நாள்தான் கிடைத்தது. விமர்சகர்கள் பலர் அதைத் தூற்றினார்கள். மக்களோ பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் எட்டாம் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் வந்த ‘பரனாய்ட்’ முதலிடத்தையே பிடித்தது.

குழுவின் பெயரையே கொண்ட முதல் பாடல் மழை, இடி, தேவாலய மணியோசையுடன் தொடங்குகிறது. பின்வரும் ரிஃபில் மூன்றே சுரங்கள்: கீழ்ச் சட்ஜமம், மேல்சட்ஜமம், பிரதி மத்திமம். சட்ஜமத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடையிலான அந்த இடைவெளியை ஐரோப்பிய இசை நூலோர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ‘இசையில் சாத்தான்’ என்று அழைத்தார்கள். தேவாலயம் அதைத் தடை செய்திருந்தது என்பது பின்னாளில் பரவிய கதை. நமக்கோ அதே பிரதி மத்திமம் கல்யாணி இராகத்தின் உயிர்! ஒரு மரபு அஞ்சிய ஒலியை இன்னொரு மரபு மங்கலமாகப் போற்றுகிறது. ஒலியில் தீமை இல்லை, கேட்டுப் பழகிய செவியில்தான் வேறுபாடு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

‘பிளாக் சபாத்’ என்ற பெயர்கூடத் திகில் படம் ஒன்றிலிருந்து எடுத்ததுதான். அப்பெயரால் அவர்கள்மீது சாத்தான் வழிபாட்டுப் பழி விழுந்தது. உண்மையில் பாடல் வரிகளில் பெரும்பாலானவற்றை எழுதிய கீசர் பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். அந்த முதல் பாடல் தீய சக்தியைக் கண்டு நடுங்குபவனின் குரலே தவிர, அதைப் போற்றுபவனின் குரல் அன்று. ‘வார் பிக்ஸ்’ ஏழைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தாம் ஒளிந்துகொள்ளும் அதிகாரத்தைச் சாடுகிறது. ‘ஹேண்ட் ஆஃப் டூம்’ ஹெராயின் என்னும் போதைப் பொருளின் அழிவைச் சொல்கிறது. முழுதாய்க் கேளாதவர்களுக்கு இவை எட்டவில்லை.

அவர்களை நான் முன்மாதிரி மனிதர்களாகக் காட்டவில்லை. போதையைப் பற்றி எச்சரித்தவர்களே அதில் விழுந்தார்கள். குடியும் போதையும் முற்றியதால் 1979இல் ஓஸி குழுவிலிருந்து நீக்கப்பட்டார். மெட்டல் இசையில் வன்முறையைக் கொண்டாடும் குழுக்களும் உண்டு. அவை சிறுவர்களுக்கு ஏற்றவை அல்ல. பிள்ளை என்ன கேட்கிறான் என்று பெற்றோர் அறிந்திருக்கத்தான் வேண்டும். அறிவதற்கு முதற்படி, நாமும் கேட்பது.

வகுப்பறைக்கு வருவோம்

ஓஸிக்கு டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு இருந்தது. அவர் பள்ளியில் படித்த காலத்தில் அதைக் கண்டறிவார் இல்லை. 15 வயதில் பள்ளியை விட்டார். ஆடுமாடு வெட்டும் கூடம் வரை பல வேலைகள் பார்த்தார். திருடிப் பிடிபட்டுச் சில வாரம் சிறையிலும் இருந்தார். அப்போது அபராதத்தைக் கட்ட மறுத்துவிட்டார் அவருடைய தந்தை. ஆனால் அதே தந்தைதான் பின்னர் மகன் பாடுவதற்கு ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் கடன்பட்டு வாங்கிக் கொடுத்தார். சொந்தமாக ஒலிபெருக்கி உள்ள பாடகர் என்று கடையில் ஒட்டிய விளம்பரத்தைக் கண்டுதான் ஐயோமியும் வார்டும் அவரைத் தேடிச் சென்றார்கள். குற்றத்துக்குத் துணை போகாத கண்டிப்பும், திறமைக்குத் துணை நின்ற அன்பும் ஒரே தந்தையிடம் இருந்ததைப் பெற்றோர் கவனிக்க வேண்டுகிறேன்.

நம் வகுப்பறைகளிலும் இத்தகைய பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பத்தியை வாசிக்கத் திணறும் மாணவன், உறுமி மேளத்தின் அடிகளைப் பிழையின்றி மேசைமேல் தட்டிக் காட்டுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். பார்த்ததும் என்ன செய்கிறோம்? “மேசையைத் தட்டாதே, புத்தகத்தைப் பார்” என்கிறோம். நீண்ட தாளக் கோவையை நினைவில் வைத்திருக்கும் பிள்ளையைச் ‘சோம்பேறி’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டது; ஆனால் மதிப்பெண்ணைக் கொண்டே பிள்ளையை அளக்கும் பழக்கம் நம்மிடமிருந்து அகலவில்லை.

ஐயோமிக்கு விரல் நுனி திரும்ப வளரவில்லை. அவர் மாற்றியது தந்தியை. நாமோ தந்தியை இறுக்கமாகவே வைத்துக்கொண்டு விரலைக் கடிந்துகொள்கிறோம். வாசிக்க இயலாத பிள்ளைக்குப் பாடத்தைத் தாளத்தோடு சொல்லிக் கொடுக்கலாம். எழுத்தைப் பெரிதாக்கித் தரலாம். பத்தியைச் சிறு துண்டுகளாக்கலாம். எழுதச் சொல்வதற்கு முன் வாயால் விடை சொல்ல இடம் தரலாம். டிஸ்லெக்சியா இருக்குமோ என்று ஐயம் எழுந்தால், பெற்றோர் வெட்கப்படாமல் உரியவர்களிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும். இவை சலுகைகள் அல்ல. தந்தியைத் தளர்த்தும் வேலை. அதன் பிறகும் பயிற்சி பிள்ளையுடையதே. ஐயோமிக்கும் உழைக்காமல் இசை வரவில்லை.

2025 ஜூலை 5ஆம் நாள், அந்த நால்வரும் தாங்கள் வளர்ந்த ஆஸ்டனிலேயே, வில்லா பார்க் காற்பந்து அரங்கில் கடைசி முறையாக ஒன்றாக மேடையேறினார்கள். நடுக்குவாத நோயால் நிற்க இயலாத ஓஸி இருக்கையில் அமர்ந்தே பாடினார். நிகழ்ச்சியின் வருவாய், சிறார் மருத்துவமனை உள்ளிட்ட அறப்பணிகளுக்கென அறிவிக்கப்பட்டிருந்தது. பதினேழு நாள் கழித்து, ஜூலை 22ஆம் நாள், தம் 76ஆம் வயதில் அவர் மறைந்தார். பள்ளி கைவிட்ட அந்தப் பிள்ளைக்காக ஒரு நகரமே தெருவில் கூடி நின்று அழுதது.

எல்லாப் பிள்ளைகளும் உலகப் புகழ் பெறப் போவதில்லை, பெறவும் வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பிள்ளையும் தன்னைக் கேட்க ஆளில்லை என்ற எண்ணத்தோடு நம் பள்ளி வாசலைத் தாண்டிப் போகக்கூடாது. அவ்வளவுதான் நான் வேண்டுவது.

சிந்திப்போம்.