பார்ட்ஸ் இன்னும் வரலைங்க



கடந்த சில மாதங்களாக நம் இதழ் அலுவலகத்துக்கு வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்களில் ஒரு புகார் திரும்பத் திரும்ப வருகிறது. கார் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் ஏதோ ஒரு கோளாறு. வாரண்டி இருக்கிறது. காசு வாங்காமல் சரிசெய்து தருவதாக சர்வீஸ் சென்டரும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் மாற்ற வேண்டிய பாகம் கைவசம் இல்லை. போன் செய்து கேட்டால் எப்போதும் ஒரே பதில்: "பார்ட்ஸ் இன்னும் வரலைங்க." வாரங்கள் மாதங்கள் ஆகின்றன. வண்டி அங்கே நிற்கிறது. வங்கித் தவணை மட்டும் தேதி தவறாமல் கணக்கிலிருந்து போகிறது. எழுதியவர்கள் வேறு வேறு ஊர்க்காரர்கள், வாங்கிய வண்டிகளும் வேறு வேறு. என் தம்பியும் இப்படிக் காத்திருப்பவர்களில் ஒருவன் என்பதால், தள்ளி நின்று இதை எழுத என்னால் முடியவில்லை.

அம்மாவுக்கு மூட்டு வலி. பஸ் படி ஏற முடிவதில்லை என்றுதான் தம்பி கடன் போட்டுக் கார் வாங்கினான். ஒரு நாள் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மறுநாள் ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியாமல் கனத்துப் போனது. பவர் ஸ்டீயரிங்கின் கன்ட்ரோல் யூனிட் போய்விட்டது என்றார்கள். வண்டியைப் பார்க்க அவனோடு நானும் போயிருந்தேன். சர்வீஸ் சென்டரின் பின்பக்க யார்டில், தகரக் கொட்டகையின் நிழல் எட்டாத இடத்தில், புது வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் முன் கண்ணாடியிலும் மார்க்கர் பேனாவால் எழுதிய ஜாப் கார்டு நம்பர், அதன் மேல் படிந்த தூசி. தம்பியின் வண்டியில் சீட்டின் பாலிதீன் உறையைக்கூட இன்னும் எடுத்திருக்கவில்லை. பூஜையன்று பானெட்டில் வைத்த சந்தனம் வெயிலில் காய்ந்து பாதி உதிர்ந்திருந்தது. அவன் ஒன்றும் பேசாமல் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தான். பக்கத்து வண்டிக்காரர் எங்களைப் பார்த்து, "உங்களுக்கு எது சார் வரணும்?" என்று கேட்டார். அவருக்கு வர வேண்டியது ஒரு வயரிங் செட்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு என்பதுதான் இதில் வேதனை. 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடருக்குக்கூடத் தேடினால் பாகம் கிடைக்கும். சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும். இல்லையென்றால் லேத்தில் கொடுத்துக் கடைந்துகொள்ளலாம். புது மாடலுக்கு அந்த வழி கிடையாது. வெளிக் கம்பெனிகள் அதற்கு இன்னும் பாகம் செய்ய ஆரம்பித்திருக்காது. விபத்தில் உடைந்து பிரித்த வண்டிகளும் சந்தைக்கு வந்திருக்காது. கிடைத்தாலும் வெளிப் பாகத்தை மாட்டினால் வாரண்டிக்குச் சிக்கல். நிறுவனம் அனுப்பும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு கதி இல்லை.

நிறுவனத்திடம் ஏன் இல்லை? டீலரின் ஸ்டோரில் ஃபில்டர், பிரேக் பேட், பம்பர் என்று அடிக்கடி போகும் சரக்குதான் இருக்கும். கன்ட்ரோல் யூனிட் மாதிரியானவற்றை ஜாப் கார்டு போட்ட பிறகுதான் நிறுவனத்தின் மத்திய கிடங்குக்கு ஆர்டர் போடுவார்கள். அங்கும் இல்லையென்றால் அதைச் செய்துதரும் சப்ளையரிடம் போகும். புது மாடல் நன்றாக விற்கும் காலத்தில் சப்ளையர் செய்வதில் பெரும்பங்கு நேராகத் தொழிற்சாலையின் அசெம்பிளி லைனுக்குப் போய்விடுகிறது. உதிரி பாகமாகக் கிடங்குக்கு வருவது மிச்சம்தான். இன்னொன்றும் உண்டு. புது மாடலில் ஒரு பாகம் கெட்டால் பெரும்பாலும் ஒரு வண்டியோடு நிற்பதில்லை. அதே பேட்ச்சில் வந்த பல வண்டிகளில் கெடும். அப்போது பழைய வடிவத்தையே திரும்ப மாட்டிப் பயனில்லை. எங்கே பிசகு என்று கண்டுபிடித்து, திருத்தி, சோதித்து, அதற்குப் பிறகுதான் செய்ய முடியும். இந்தத் தாமதத்தில் ஒரு பகுதி நியாயமானது. அவசரப்பட்டு அரைகுறையான ஸ்டீயரிங் யூனிட்டை மாட்டச் சொல்லி நாம் யாரும் கேட்கப் போவதில்லை.

இந்தச் சப்ளைச் சங்கிலி நீளமானது என்பதும் உண்மை. 2020 ஊரடங்கில் கார் நிறுவனங்கள் சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. அந்த இடத்தை லேப்டாப், போன் தயாரிப்பாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். கார் விற்பனை திரும்பியபோது கார்க்காரர்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள். 2021 மார்ச்சில் ஜப்பானில் ரெனேசாஸ் நிறுவனத்தின் நாகா சிப் ஆலையில் தீப்பிடித்தது. அதே மாதம் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் குறுக்கே சிக்கி நின்றது. 2025 ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றைக் கொண்டு செய்யும் காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றது. பவர் ஸ்டீயரிங்கைச் சுழற்றும் சின்ன மோட்டாரில்கூட அந்த வகைக் காந்தம் இருக்கிறது. எங்கோ நடந்த ஒன்று நம் ஊர் யார்டு வரை வந்துவிடுகிறது.

ஆனால் பாகம் இல்லை என்ற நிலைமையைத் தொழில் உலகம் எவ்வளவு வேகமாகச் சமாளிக்க முடியும் என்பதற்கும் வரலாறு உண்டு. ஜப்பானில் கரியா என்ற ஊரில் ஐசின் நிறுவனத்தின் ஆலை 1997 பிப்ரவரி 1 அதிகாலை தீப்பிடித்து எரிந்தது. டொயோட்டா கார்களின் பிரேக்குக்கு வேண்டிய பி-வால்வு என்ற உள்ளங்கை அளவுப் பாகம் ஏறக்குறைய முழுவதும் அந்த ஓர் ஆலையில்தான் தயாராகிக்கொண்டிருந்தது. தேவையான அளவு மட்டும் தேவையான நேரத்தில் வந்தால் போதும் என்பது டொயோட்டாவின் முறை. கையிருப்பு வெகு சீக்கிரம் தீர்ந்தது. லைன்கள் நின்றன. பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். வரைபடங்கள் கை மாறின. அதற்கு முன் அந்த வால்வைத் தொட்டே பார்க்காத கம்பெனிகள், தையல் மெஷின் செய்யும் பிரதர் உட்பட, தங்கள் பட்டறைகளில் அதைக் கடைய ஆரம்பித்தன. பெரிய, சிறிய நிறுவனங்களாக இருநூறுக்கு மேல் கைகொடுத்தன. ஒரு வாரத்துக்குள் டொயோட்டா கார்கள் மறுபடி லைனிலிருந்து இறங்கின. ரெனேசாஸ் தீயின்போதும் கார் நிறுவனங்கள் தங்கள் ஆட்களையே அனுப்பிச் சீரமைப்பில் இறக்கின; ஏறக்குறைய ஒரு மாதத்தில் உற்பத்தி திரும்பத் தொடங்கியது.

இந்த வேகத்துக்குக் காரணம் லைன் நின்றால் நிறுவனத்துக்கு நஷ்டம் என்பதுதான். நம் வண்டி யார்டில் நின்றால் நிறுவனத்துக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. தவணை நாம் கட்டுகிறோம், இன்ஷூரன்ஸ் நம் செலவில் தீர்கிறது, ஆட்டோவுக்கும் கால் டாக்சிக்கும் நாம் கொடுக்கிறோம். வாரண்டிகூட நின்ற நாட்களைச் சேர்த்தே கரைகிறது. மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் என்று அட்டையில் அச்சிட்டுத் தருகிறார்கள். கோளாறை இலவசமாகச் சரிசெய்வோம் என்று அதில் இருக்கிறது. எத்தனை நாளுக்குள் என்பது இல்லை. நான் பார்த்த வாரண்டிப் புத்தகங்களில், வண்டி ஓடாத நாட்களின் இழப்புக்குப் பொறுப்பில்லை என்ற வரி சின்ன எழுத்தில் இருக்கிறது. காத்திருப்பின் செலவு முழுவதும் வாங்கியவர் தலையில் விழும் வரை, வாங்கியவருக்கு வர வேண்டிய பாகம் வரிசையில் கடைசியாகத்தான் வரும். இந்த மாதம் உங்களிடம் சொல்ல நினைத்தது முக்கியமாக இதைத்தான்.

வேறு விதமாகவும் சட்டம் எழுதலாம், எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1970-இல் வந்த சாங்-பெவர்லி சட்டப்படி, வாரண்டி ரிப்பேருக்குப் பொருளைக் கொடுத்த நாளிலிருந்து திரும்ப வாங்கும் நாள் வரை வாரண்டிக் கடிகாரம் நின்றுவிடும். நின்ற நாட்கள் கடைசியில் சேரும். புது வண்டி முதல் 18 மாதத்துக்குள் அல்லது 18,000 மைலுக்குள் ரிப்பேருக்காக மொத்தம் 30 நாளுக்கு மேல் நின்றுபோனால், நிறுவனத்துக்குப் போதுமான வாய்ப்பு கொடுத்தாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, வண்டியை மாற்றிக் கேட்கவோ பணத்தைத் திரும்பக் கேட்கவோ வாங்கியவருக்கு வழி திறக்கிறது. நம் உறவினர்கள் பலர் வாழும் சிங்கப்பூரிலும் குறையுள்ள பொருட்களுக்கான சட்டம் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. காரும் அதில் அடக்கம். வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுக்கும்போதே இருந்த குறை என்றுதான் அங்கே முதலில் எடுத்துக்கொள்வார்கள்.

பற்றாக்குறையே தவிர்க்க முடியாதது என்றாலும், வரிசையை நியாயமாக வைக்கலாம். குறையுள்ள டகாட்டா ஏர்பேக்குகளைத் திரும்பப் பெற்ற விவகாரத்தில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகளை மாற்ற வேண்டியிருந்தது. அவ்வளவையும் ஒரே சமயத்தில் செய்ய யாராலும் முடியாது. வெப்பமும் ஈரக்காற்றும் உள்ள இடங்களில் பழைய வண்டிகளுக்கு ஆபத்து அதிகம் என்பதால் அவற்றுக்கு முதல் உரிமை என்று அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பே 2015-இல் முன்னுரிமை வகுத்தது. யாருக்கு எப்போது என்பது வெளிப்படையாக இருந்தால் மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள். என் தம்பியைச் சோர வைத்தது தாமதத்தைவிட, தேதி சொல்ல ஆளே இல்லாததுதான்.

நம் நாட்டில் புது வண்டிக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் வேண்டாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இல் சேவைக் குறைபாடு என்பதற்கான வரையறை விரிவாகவே இருக்கிறது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்துப் புகார் பதியலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கேயே வழக்குப் போடலாம். கட்டணம் மிகக் குறைவு: பத்து லட்சத்திலிருந்து இருபது லட்சம் வரையிலான வண்டிக்கு 400 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அதற்கெல்லாம் அடிப்படை காகிதம். வண்டியை விடும்போதே கோளாறை உங்கள் வார்த்தையில் ஜாப் கார்டில் எழுத வையுங்கள். கிலோமீட்டர் காட்டும் மீட்டரையும் வண்டியின் நான்கு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். பாகத்தின் நம்பர் என்ன, எந்தத் தேதியில் ஆர்டர் போட்டார்கள் என்று மெயிலில் கேளுங்கள். ஓட முடியாமல் நிற்கும் வண்டிக்கு வி.ஓ.ஆர். என்று அவசர ஆர்டர் வகை இருக்கிறது. சாதாரண ஆர்டராகப் போட்டிருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள். மாற்று வண்டி தருவார்களா, நின்ற நாட்களுக்கு வாரண்டியை நீட்டிப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். சில நிறுவனங்கள் கேட்டவர்களுக்குக் கொடுக்கின்றன. ஓட்டுவதால் ஆபத்தில்லை, கோளாறும் பெரிதாகாது என்று அவர்களே எழுதித் தந்தால் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். யார்டில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் பேட்டரி இறங்கும். எலி வயரைக் கடிக்கும்.

எதிரில் உட்கார்ந்திருக்கும் சர்வீஸ் அட்வைசரிடம் கோபப்படாதீர்கள் என்று ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். காலையிலிருந்து இரவு வரை பத்துப் பேருடைய கோபத்தை வாங்குகிறவர் அவர். அவருடைய கம்ப்யூட்டர் திரையில் தெரிவதும் 'பேக் ஆர்டர்' என்ற இரண்டு சொல்தான். எங்களுக்குப் பதில் சொன்ன பையன், "மேடம், எனக்குத் தேதி தெரிஞ்சா முதல்ல உங்களுக்குத்தான் போன் பண்ணுவேன்" என்றான். அவன் கண்ணில் பொய் இல்லை. தேதி தெரிந்தவர்கள் அவனுக்கு நான்கு படி மேலே இருக்கிறார்கள். நம் மெயில் அவர்களுக்குத்தான் போக வேண்டும்.

இனி உங்களுக்கு ஒரு வேலை. வாரண்டி ரிப்பேருக்காக உங்கள் வண்டி இப்போது நின்றுகொண்டிருந்தால், ஜாப் கார்டின் நகலையும் நிறுவனம் அனுப்பிய பதிலையும் எங்களுக்கு அனுப்புங்கள். உங்கள் பெயர், முகவரி, வண்டி எண் எதையும் வெளியிட மாட்டோம். நுகர்வோர் வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞர் அவற்றைப் பார்த்து, அடுத்த இதழிலிருந்து பதில் எழுத இசைந்திருக்கிறார். நின்ற நாட்களை வாரண்டியில் சேர்க்க வேண்டும், பாகம் வரும் தேதியை எழுத்தில் தர வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளையும், வந்த கடிதங்களோடு சேர்த்து, மத்திய நுகர்வோர் விவகாரத் துறைக்கு அனுப்பப் போகிறோம். இம்மாத இறுதிக்குள் கிடைக்கும்படி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்