மாலத்தீவுக்குப் பெட்டி கட்டும் சகோதரரே!



நம் கடைத்தெருக்களில் இப்போது ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. சிமெண்ட், பெயிண்ட், டைல்ஸ், டயர் என்று எந்தச் சரக்கை எடுத்தாலும் கம்பெனிக்காரர் ஆண்டுக்கு ஓர் இலக்கு வைக்கிறார். அதை எட்டிய டீலருக்கு வெளிநாட்டுப் பயணம் பரிசு. முன்பு கொழும்பும் பாங்காக்கும் சொன்னார்கள். இப்போது மாலத்தீவும் சேர்ந்துகொண்டது. மூன்று இரவு, நான்கு பகல். கடற்கரையில் விடுதி, கடலுக்கு மேல் மரக்கால் நட்டுக் கட்டிய அறை, காலையில் கண் விழித்தால் காலடியில் மீன்!

மறுபக்கம், நிக்காஹ் முடிந்த கையோடு அதே தீவுக்குப் பறக்கத் துடிக்கும் இளைஞர்கள். கையில் காசு இல்லையா? மாதத் தவணையில் போகலாம் என்று கைப்பேசியிலேயே விளம்பரம் வருகிறது.

போகக் கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. உழைத்துக் களைத்தவர் மனைவி மக்களோடு நான்கு நாள் கடல் காற்று வாங்குவது குற்றமல்ல. பூமியில் பயணம் செய்து பார்க்கத் தூண்டிய மார்க்கம் நம்முடையது. ஆனால் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகும்போது வீட்டுக்காரர் யார், எப்படி இருக்கிறார் என்று விசாரிக்காமல் போவோமா? விடுதியின் புகைப்படத்தைப் பத்து முறை பார்க்கும் நாம், அந்தத் தீவின் மக்களைப் பற்றி ஒரு முறையாவது கேட்டோமா? இதுதான் நம் கேள்வி.

அது யாருடைய மண்?

மாலத்தீவு இன்று நேற்று முளைத்த சுற்றுலாத் தலம் அல்ல. ஏறத்தாழ 1,200 தீவுகள். அவற்றில் மக்கள் வாழ்பவை 200க்கும் குறைவு. 1153ஆம் ஆண்டில் அதன் மன்னர் இஸ்லாத்தை ஏற்றார் என்பது அந்நாட்டு வரலாறு. 1343இல் அங்கே போய் இறங்கிய இப்னு பதூதா காஜியாக அமர்த்தப்பட்டார். பெண்களின் ஆடை விஷயத்தில் தன் உத்தரவு நீதிமன்றத்துக்கு வெளியே செல்லுபடியாகவில்லை என்பதை அவரே தன் பயண நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அங்கிருந்து இலங்கை வழியாக அவர் வந்து சேர்ந்த இடம் நம் மஅபர் கரை. அப்போது மதுரையில் சுல்தான்களின் ஆட்சி.

தலைநகர் மாலேயில் 1658இல் பவளக்கல்லால் கட்டிய ஹுகுரு மிஸ்கித் இன்றும் நிற்கிறது. 'மிஸ்கித்' என்பது 'மஸ்ஜித்' என்ற சொல்லின் அந்நாட்டு வடிவம். நம் வீட்டு அடுப்படிக்கும் அந்தத் தீவுகளுக்கும் உறவு உண்டு. சம்பலில் இடித்துப் போடும் மாசிக்கருவாடு அந்தக் கடலின் சூரை மீன்தான். தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிப் பல்லாண்டுகளாக மாலேக்குப் போய் வந்திருக்கின்றன. நாமக்கல் முட்டை அங்கே போகிறது. விடுதியில் காலைப் பசியாறும்போது தட்டில் இருப்பது நம் ஊர்ச் சரக்காகவே இருக்கலாம்!

ஒரு தீவு, ஒரு விடுதி

1972 அக்டோபரில் மாலேக்கு அருகே, தென்னை நிறைந்த ஒரு தீவில் முதல் விடுதி திறக்கப்பட்டது. பெயர் குரும்பா. அவர்கள் மொழியில் இளந்தேங்காய். நம் குரும்பையைப் போலவே ஒலிக்கும் சொல்! முப்பது அறைகளோடு தொடங்கியது அது. இன்று விடுதிகளின் எண்ணிக்கை 170ஐத் தாண்டிவிட்டது. 2024இல் மட்டும் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் அந்நாட்டுக்கு வந்தார்கள். 2022 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்களோ, வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் சேர்த்து 5 இலட்சத்து 15 ஆயிரம் பேர்தான்.

இத்தனை பேரை அந்தச் சிறிய நாடு எப்படித் தாங்குகிறது? தொடக்கத்திலேயே ஒரு வழி கண்டார்கள். மக்கள் வாழாத தீவாகப் பார்த்து, ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்று அரசு குத்தகைக்கு விட்டது. மக்கள் வாழும் தீவில் மது இல்லை. விடுதித் தீவில் உண்டு. மக்கள் தீவில் உடைக்கு வரம்பு உண்டு. விடுதித் தீவில் இல்லை. ஒரே நாடு, ஒரே கொடி, இரண்டு நடைமுறை. நடுவே கடல்!

தம் பிள்ளைகளின் ஒழுக்கத்தைக் காக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் விளைவு என்ன? விருந்தாளி விமானத்திலிருந்து இறங்கியதும் விசைப்படகிலோ கடல் விமானத்திலோ நேரே விடுதிக்குப் போய்விடுகிறார். நான்கு நாள் கழித்து அதே வழியில் திரும்பிவிடுகிறார். ஒரு மாலத்தீவுக் குடும்பத்தைக் கூடப் பார்க்காமல் 'மாலத்தீவைப் பார்த்துவிட்டேன்' என்கிறார். அங்கே பாங்கு ஒலிக்கும் ஊர்கள் இருப்பதே பலருக்குத் தெரியாது.

இந்த இரட்டை வாழ்வு அந்நாட்டையும் உறுத்தாமல் இல்லை. 2011 டிசம்பரில் மாலே வீதிகளில் மார்க்கத்தின் பெயரால் பெரும் போராட்டம் நடந்தது. உடனே அரசு, விடுதிகளின் மசாஜ் நிலையங்களை மூட உத்தரவிட்டது. சில நாட்களிலேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. மதுவும் பன்றி இறைச்சியும் இறக்குமதி செய்வது சரியா என்று உச்ச நீதிமன்றத்திடம் கேட்டது. நீதிமன்றம் கருத்துச் சொல்ல மறுத்துவிட்டது. ஏன் இந்தத் தடுமாற்றம்? நாட்டின் வருமானத்துக்கு அந்த விடுதிகளே முதுகெலும்பு. வயிறு ஒரு பக்கம், மனசாட்சி ஒரு பக்கம். வெளியே நின்று அவர்களை ஏசுவது எளிது. அந்த இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று எண்ணிப் பாருங்கள்.

பணம் யாருக்குப் போனது?

குத்தகைப் பணமாவது மக்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா? 2016இல் அந்நாட்டுத் தணிக்கை அதிகாரி வெளியிட்ட அறிக்கை நாட்டையே உலுக்கியது. 50க்கும் மேற்பட்ட தீவுகளும் கடற்பரப்புகளும் முறையான ஏலம் இன்றிக் கைமாறியிருந்தன. அரசுச் சுற்றுலா நிறுவனத்தின் வழியாக ஏறத்தாழ 8 கோடி டாலர் சுருட்டப்பட்டிருந்தது. பொதுச் சொத்தைப் பூட்டிய அறையில் பேரம் பேசினால் எந்த நாட்டிலும் இதுதான் கதி. முஸ்லிம் நாடு என்பதால் விதிவிலக்கு இல்லை.

விடுதியில் குழாயைத் திறந்தால் நன்னீர் கொட்டும். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் அங்கே உண்டு. ஆனால் 2014 டிசம்பரில் மாலேயின் குடிநீர் நிலையத்தில் தீப்பிடித்தபோது, ஒரு இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் குடிக்கத் தண்ணீரின்றித் தவித்தார்கள். இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. குப்பைக்கும் ஒரு தீவு உண்டு, பெயர் திலாஃபுஷி. 1992 முதல் குப்பையைக் கொட்டியே மேடாக்கிய இடம் அது. பல ஆண்டுகள் அங்கே புகை அடங்கவே இல்லை. விருந்தாளிக்குக் காட்டும் படத்தில் அந்தத் தீவு வருமா?

நம் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள்

அங்கே வாழ்வோரில் நான்கில் ஒருவர் வெளிநாட்டவர். வங்காளதேசத்தவர் அதிகம். கேரளத்தவர், தமிழர், இலங்கையர் என்று நம் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. 2022 நவம்பரில் மாலேயில், கீழ்த்தளத்தில் வாகனப் பட்டறையும் மேல்தளத்தில் தொழிலாளர் தங்குமிடமும் இருந்த ஒரு கட்டடம் தீப்பிடித்தது. பத்துப் பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் இந்தியத் தொழிலாளர்கள். காற்று வராத நெருக்கடியான அறைகளில் படுத்திருந்தவர்கள் அவர்கள்.

விடுதிகளிலும் ஊழியர் குடியிருப்பு விருந்தாளியின் கண்ணில் படாத பின்பக்கத்தில்தான் இருக்கும். அவர்களுக்கான பள்ளிவாசலும் பெரும்பாலும் அங்கேதான். அறையைக் கூட்டிப் படுக்கையில் பூ வைக்கும் தம்பி உங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளையாக இருக்கலாம். அவர் பெயரைக் கேளுங்கள். ஸலாம் சொல்லுங்கள். தொழும் இடம் எது என்று கேளுங்கள். அவர் முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு

வியாபாரிகளே! விளம்பரத்தில் ஓர் இரவுக்கு 300 டாலர் என்று போட்டிருந்தால், பில் எவ்வளவு வரும்? சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, அதாவது 30 டாலர். ஆக 330. அதன் மேல் சுற்றுலா வரி. 2025 ஜூலை முதல் அது 17 விழுக்காடு. ஆக 386. பசுமை வரி விடுதிகளில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். இருவருக்கு 24. மொத்தம் 410! படகுக் கூலியும் விமானக் கட்டணமும் தனி. சேவைக் கட்டணத்தில் 99 விழுக்காட்டை ஊழியருக்குப் பங்கிட வேண்டும் என்பது அந்நாட்டுத் தொழிலாளர் சட்டம். ஆகவே அந்த 30 டாலரைக் கொடுக்கும்போது மட்டும் முகம் சுளிக்காதீர்கள்.

இதை வட்டித் தவணையில் கட்டப் போகிறீர்களா, புது மாப்பிள்ளைகளே? இல்வாழ்க்கையின் முதல் வாரத்தையே வட்டியில் தொடங்குவதா? நான்கு நாள் மகிழ்ச்சிக்கு இருபத்து நான்கு மாதத் தவணை! அந்தக் கடன் முடியுமுன் தொட்டிலில் குழந்தை வந்துவிடும். கையில் உள்ள காசுக்கு ஏற்றது கொடைக்கானல் என்றால், கொடைக்கானலிலும் காற்று இலவசம்தான்.

போகிறவர்கள் என்ன செய்யலாம்?

2009 முதல், மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த அனுமதி உண்டு. மாலேக்குத் தெற்கே உள்ள மாஃபுஷி அதில் முன்னோடி. அங்கே கட்டணம் குறைவு. மது இல்லை. உணவு ஹலால். ஐந்து வேளையும் பாங்கு கேட்கும். வெளிநாட்டுப் பயணிகள் தம் விருப்பப்படி குளிக்கத் தனிக் கரை ஒதுக்கியிருக்கிறார்கள். மற்ற கரைகளில் ஊர் மக்களின் வழக்கத்துக்கு மரியாதை. நம் குடும்பங்களுக்கு ஏற்ற இடம் இதுவே. நாம் கொடுக்கும் பணமும் அந்த ஊர்க்காரர் வீட்டுக்கே நேரடியாகப் போகும்.

கம்பெனிப் பயணம் என்றால் இடத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் கிளம்பும் முன்பே வாயைத் திறந்து சொல்லலாம். இரவு விருந்தில் மது மேசையில் எங்களை உட்கார வைக்காதீர்கள், ஹலால் உணவு வேண்டும், மனைவியோடு வருவோருக்குத் தனி இடம் வேண்டும் என்று நாலு டீலர் சேர்ந்து கேட்டால் எந்தக் கம்பெனி மறுக்கும்? கோடிக்கணக்கில் சரக்கு விற்றுக் கொடுப்பவர் நீங்கள். ஊரில் தலை நிமிர்ந்து நடப்பவர், கம்பெனி மேலாளர் முன் கூச்சப்பட்டுக் கோப்பையைக் கையில் வாங்குவதா? யாரும் பார்க்காத தீவு என்று ஒன்று உண்டா, சகோதரரே?

கடலில் இறங்கினால் பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள். அது கல் அல்ல, உயிர். 1998லும் 2016லும் கடல் சூடேறி அங்கே பவளங்கள் வெளுத்து மடிந்தன. அந்தப் பவளப் பாறைதான் அலையின் வேகத்தைத் தணிக்கிறது. அந்தத் தீவுகளின் வெள்ளை மணலும் அதிலிருந்து வந்ததே. நிலப்பரப்பின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்கு ஒரு மீட்டர் உயரம் கூட இல்லாத நாடு அது. நினைவுக்காக ஒரு துண்டை ஒடித்துப் பெட்டியில் வைப்பவர், அந்த மக்களின் வீட்டு அடித்தளத்தில் ஒரு கல்லைப் பெயர்க்கிறார்.

நம் பக்கத்திலும் தீவுகள் உண்டு

2024 ஜனவரியில் இரு நாடுகளுக்கும் உரசல் வந்தபோது, 'மாலத்தீவைப் புறக்கணிப்போம், இலட்சத்தீவுக்குப் போவோம்' என்று ஒரு கூச்சல் எழுந்தது. உரசல் பின்னர் தணிந்தது. ஆனால் இலட்சத்தீவு மக்களிடம் யாராவது கேட்டார்களா? அவர்களில் நூற்றுக்கு 96 பேர் முஸ்லிம்கள். வளர்ச்சியின் பெயரால் நிலத்தைக் கையகப்படுத்த வழி செய்யும் வரைவுச் சட்டம் 2021இல் வந்தபோது, ஜூன் 7 அன்று அவர்கள் வீடுகளிலேயே பன்னிரண்டு மணி நேரம் உண்ணா நோன்பிருந்தார்கள். விடுதி வேண்டாம் என்பதல்ல அவர்கள் வாதம். எங்கள் மண்ணில் எது வர வேண்டும் என்பதில் எங்களுக்கும் சொல் உண்டு என்றார்கள். இந்த உரிமை மாலே மக்களுக்கும் உண்டு, கவரத்தி மக்களுக்கும் உண்டு, நாளை நம் கடலோர ஊர்களில் விடுதி வந்தால் நமக்கும் உண்டு.

ஆகவே சகோதரரே, போய் வாருங்கள். கடனின்றிப் போங்கள். கூச்சமின்றி முஸ்லிமாகவே இருங்கள். பயணத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தால், விடுதிப் படகில் ஏறி மக்கள் வாழும் பக்கத்துத் தீவுக்குப் போய் ஜும்ஆவில் நில்லுங்கள். தொழுகை முடிந்ததும் பக்கத்தில் நிற்பவரின் கையைப் பற்றி நலம் விசாரியுங்கள். உங்களை அழைத்த வீட்டுக்காரர் அவர்தான்.